பிடித்த பாட்டு, பிடிக்காத அரசியல்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாடகரின் குரல் நம்மோடு பல காலம் இருந்து, நம் துக்கத்திலும் சந்தோஷத்திலும் பங்கெடுத்த பிறகு, அவருடைய அரசியல் நம்மால் துளியும் ஏற்க முடியாத ஒன்று என்று தெரியவந்தால், அந்தச் சங்கடத்தை உடனே தீர்த்துக்கொள்ளத்தான் பெரும்பாலோர் முயல்கிறார்கள். பாட்டு பிடித்திருக்கிறது என்பதும் பேச்சு பிடிக்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அதை ஒப்புக்கொள்ளாத அவசரமே மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வழிவிடுகிறது.

அவற்றில் அடிக்கடி காணப்படுவது, பாட்டின் மீதுள்ள பிரியத்தால் பேச்சுக்கு வக்காலத்து வாங்குவது. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில், குடியேறிகளுக்கு எதிரான அரசியலுக்குப் பேர்போன ஈனக் பவலை ஆதரித்து இனவெறியோடு பேசினார். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலிருந்து தன் வாசிப்பை வளர்த்துக்கொண்டவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாப் மார்லியின் பாடல் ஒன்றைப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்திருந்தார். அந்தப் பேச்சு ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இனவெறி எதிர்ப்பு இசை இயக்கம் தோன்ற உடனடிக் காரணமானது. அன்றைய தன்னை நினைத்து வெட்கப்படுவதாகக் கிளாப்டனே பிற்காலத்தில் சொல்லிவிட்ட நிலையில், “போதையில் உளறியதுதானே” என்று ரசிகர் ஏன் முந்திக்கொண்டு பூசி மெழுக வேண்டும்? கிதார் வாசிப்பை மெச்சுவதற்கு அந்தப் பேச்சை மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறானது, அரசியல் தெரிந்த மறுநாளே அவருடைய இசை எப்போதுமே சுமார்தான் என்று சாதிப்பது. நேற்று வரை கண்கலங்கக் கேட்ட பாட்டு இன்று ஒரு செய்தியைப் படித்ததும் சுருதி விலகிவிடுவதில்லை.

“கலை வேறு, கலைஞர் வேறு” என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது இதைவிட நுட்பமான தவறு. சில படைப்புகளுக்கு அது பொருந்தும். சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் 1850-ல் யூத இசைஞர்களை இழிவுபடுத்தும் கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டார். 1869-ல் தன் சொந்தப் பெயரிலேயே அதை மறுபடியும் அச்சிட்டார். ஆக, அது வாய்தவறி வந்த பேச்சு அல்ல. ஆனால் அவருடைய ‘ட்ரிஸ்டனும் இசோல்டும்’ என்ற ஓபராவின், அதாவது இசைநாடகத்தின், முன்னிசையைக் கேளுங்கள். செல்லோக்கள் தனியே மெல்ல எழும்பி வர, குழல் வாத்தியங்கள் வந்து சேரும் இடத்தில் பிறக்கும், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இணைசுரம் அமைதி காணாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்தத் தவிப்பு முழுமையாக அடங்க ஓபராவின் கடைசிப் பக்கம் வரை, ஏறத்தாழ நான்கு மணி நேரம், காத்திருக்க வேண்டும். இந்த இசையில் அந்தக் கட்டுரையின் வெறுப்பைத் தேடினால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதே வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ ஓபராவின் முடிவில் அந்நிய ஆபத்தைச் சொல்லி, புனித ஜெர்மானியக் கலையைப் போற்றும் உரை வரும்போது, அரசியல் படைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாலினின் அறுபதாவது பிறந்தநாளுக்காக 1939-ல் சோவியத் இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் எழுதிய வாழ்த்திசையிலிருந்து ஸ்டாலினைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஆகவே ஆளை வைத்து மொத்தமாகத் தீர்ப்பு எழுதாமல், ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். உழைப்பு அதிகம் என்றாலும் இதற்குக் குறுக்குவழி இல்லை.

நாம் எடுத்த முடிவை அடுத்தவர் மீது திணிப்பது, நான் அறிந்தவரை, எல்லாவற்றிலும் அதிகமாகக் காயப்படுத்தும் தவறு. வாக்னரின் ‘பார்சிஃபல்’ ஓபரா 1882-ல் அரங்கேறியபோது அதை நடத்தியவர் ஹெர்மன் லேவி என்ற யூத இசை நடத்துநர். யூத அரசு பற்றிய நூலை எழுதிய நாட்களில் யூத தேசிய இயக்கத்தின் முன்னோடி தியோடர் ஹெர்ஸ்ல் வாக்னரின் இசையைக் கேட்டுத்தான் இளைப்பாறினார். இந்த உதாரணங்களை எடுத்துக்கொண்டு, வாக்னரைக் கொண்டாடிய நாஜிகளின் கொடுமையிலிருந்து உயிர்தப்பிய ஒருவரிடம் “அவர்களே கேட்டார்களே, உங்களுக்கு என்ன?” என்று கேட்பது குரூரம். 1981-ல் இஸ்ரேலின் டெல் அவிவில் இசை நடத்துநர் சுபின் மேத்தா வாக்னரை வாசிக்கவைத்தபோது, அப்படி உயிர்தப்பிய ஒருவர் தழும்பேறிய தன் வயிற்றைத் திறந்துகாட்டி எதிர்த்தார். 2001 ஜூலையில் ஜெருசலேமில் மற்றொரு இசை நடத்துநரான டேனியல் பாரன்பாய்ம் வேறு வழியைக் கையாண்டார். அறிவித்திருந்த நிகழ்ச்சி முடிந்த பிறகு, வாக்னரைக் கேட்க விருப்பமா என்று அரங்கத்தையே கேட்டார். சுமார் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. விரும்பாதவர்கள் எழுந்து போன பிறகே ட்ரிஸ்டன் முன்னிசை ஒலித்தது. அதன் பிறகும் அவருக்குக் கடும் கண்டனம் வந்தது என்றாலும், எழுந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு, இருந்து கேட்பவர்களுக்காக வாசித்த அந்த முறையை நான் மதிக்கிறேன்.

நமக்குப் பிடித்த அரசியலுக்கு ஒரு தராசும் பிடிக்காததற்கு வேறொரு தராசும் வைத்திருப்பதும் தவறுதான். 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சற்று முன்பு, டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகி நாட்டலி மெயின்ஸ், அமெரிக்க அதிபர் தங்கள் டெக்சாஸ் மாநிலத்தவர் என்பதற்காக வெட்கப்படுவதாக லண்டன் மேடையில் சொன்னார். பல வானொலி நிலையங்கள் அவர்கள் பாடல்களை நிறுத்தின, சிலர் குறுந்தகடுகளை நொறுக்கினார்கள். அதை அநியாயம் என்று நினைக்கிறவர், தன் எதிர்த்தரப்புக் கலைஞருக்கு அதே தண்டனையைக் கோரும்போது ஒரு கணம் நிதானிக்க வேண்டும்.

ஒரு பாட்டை ஒரே ஆளின் சொத்தாக எண்ணுவதும் பலரிடம் உண்டு. ரமோன்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவில் கிதார் வாசித்த ஜானி ரமோன், அமெரிக்க அதிபராக இருந்த ரீகனின் தீவிர ஆதரவாளர். பாடகர் ஜோயி ரமோன் இடதுசாரிச் சாய்வுள்ள யூதர். நாஜி எஸ்.எஸ். படையினரும் புதைக்கப்பட்ட, ஜெர்மனியின் பிட்பர்க் கல்லறைக்கு 1985-ல் ரீகன் சென்றதைக் கண்டித்து ஜோயி மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய பாடல் இதே குழுவின் பெயரில்தான் வெளிவந்தது. ஜானியின் அரசியலுக்காக இந்தக் குழுவை ஒதுக்குகிறவர், ஜோயியின் கண்டனத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

கடைசியாக, கேட்பதையும் பணம் கொடுப்பதையும் குழப்பிக்கொள்வது. 1883-ல் இறந்த வாக்னரின் படைப்புகளுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், அவற்றைக் கேட்பதால் அவர் பெயரில் யாருக்கும் உரிமத்தொகை போவதில்லை. உயிரோடு இருப்பவர் விஷயம் வேறு. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் சேவைகள் சந்தா, விளம்பர வருவாயைத் திரட்டி, மொத்தமாகக் கேட்கப்பட்டதில் ஒவ்வொரு பாடலின் பங்குக்கு ஏற்ப உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தருகின்றன. ஒருவர் ஒரு பாட்டைக் கேட்பதால் போகும் தொகை மிகச் சொற்பம். கச்சேரி டிக்கெட்டும், அவர் படம் போட்ட சட்டையும் அப்படி அல்ல. அவற்றில் பணமும் போகிறது, கூட்டத்தில் ஒரு தலையும் கூடுகிறது. ஏற்கெனவே வாங்கி அலமாரியில் இருக்கும் இசைத்தட்டைச் சுழலவிட்டால் அவருக்குப் புதிதாக ஒரு காசும் சேராது. எனவே ஒருவரின் அரசியலுக்குத் துணைபோகக் கூடாது என்று நினைப்பவர், பழைய தட்டை வீட்டில் கேட்டுக்கொண்டே, அவருடைய அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் இருக்கலாம்.