வாடிக்கையாளரின் ஆப்பை வெளியிடும் முன்: வர்த்தகக் குறி யார் பெயரில் இருக்கிறது?

ஒரு இனிப்புக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் செய்து, என் சொந்த டெவலப்பர் கணக்கிலிருந்தே ஆப் ஸ்டோருக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. ஆப்பிளின் விதி 5.2.1 தெளிவானது: பெயருக்கும் லோகோவுக்கும் உரிமை உள்ளவரோ, உரிமம் பெற்றவரோதான் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வரிசை இது. பில்டு (ஸ்டோருக்கு அனுப்பும் ஆப் கோப்பு) எடுக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கணக்கு

வாடிக்கையாளர் பெயரிலேயே திறக்க வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் ப்ளேவுக்கு ஒரே முறை 25 டாலர். நிறுவனக் கணக்கு என்றால் இரண்டுமே டி-யு-என்-எஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) கேட்கும். அது இலவசம்தான், ஆனால் கைக்கு வர நாளாகும். அட்வான்ஸ் வாங்கும் அன்றே விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள். “நீங்களே பார்த்துக்கோங்க தம்பி” என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆப்பிளின் ஒப்பந்தங்களைக் கணக்கின் உரிமையாளர்தான் ஏற்க முடியும். அது முதலாளியாக இருக்கட்டும், உங்களை அட்மினாகச் சேர்த்தால் போதும்.

படி 2: வர்த்தகக் குறி

நான் இரண்டாம் முறை மாட்டியது இங்கே. கணக்கு, மகன் தொடங்கிய பிரைவேட் லிமிடெட் பெயரில். வர்த்தகக் குறியோ அப்பாவின் பெயரில். வீட்டில் எல்லாம் ஒன்றுதான், சட்டத்துக்கு அவர் வேறு, கம்பெனி வேறு.

ஆகவே முதலில் வர்த்தகக் குறிகளைப் பதியும் அரசுத் தளமான ஐபி இந்தியாவின் பொதுத் தேடலில் கடைப் பெயரைத் தேடுங்கள். உரிமையாளர் பெயர், வகுப்பு (எந்த வகைப் பொருளுக்கான பதிவு), நிலை மூன்றையும் பாருங்கள். இனிப்பு வகுப்பு 30, மொபைல் ஆப் வகுப்பு 9. கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான் வாங்கியிருப்பார்கள். வகுப்பு 9-க்கும் விண்ணப்பிக்கச் சொல்வேன். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய். பதிவு முடியும் வரை, பதிவான குறி என்று காட்டும் ® போடக்கூடாது, அது 1999 வர்த்தகக் குறிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி குற்றம். ™ போடலாம்.

பெயர்கள் வேறுபட்டால் உரிமக் கடிதம் வாங்குங்கள். குறியின் பதிவு எண், லோகோ, ஆப்பின் பெயர், எந்தக் கம்பெனிக்கு அனுமதி என்ற விவரம், உரிமையாளரின் கையெழுத்து, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. ஆப்பைச் சமர்ப்பிக்கும் ஆப்பிள் தளமான ஆப் ஸ்டோர் கனெக்டில் ரிவ்யூ தகவல் பகுதியிலேயே கோப்பை இணைக்கலாம். அப்பா கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தை இணைத்த பிறகுதான் எங்கள் ஆப் நகர்ந்தது. கூகுளுக்கு முன்கூட்டியே ஆவணம் அனுப்பத் தனிப் படிவம் இருக்கிறது.

படி 3: பேக்கேஜ் பெயர்

ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயர் இது. வாடிக்கையாளரின் டொமைனை வைத்தே அமையுங்கள். வெளியிட்ட பின் மாற்ற முடியாது. ஆப்பில் கையொப்பமிடும் சாவிக் கோப்புகளைச் சேமிக்க எனக்குப் பிட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகம்தான் பிடிக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பின்சேர்க்கை: தனி உரிமையாளர் கடை என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆப்பிளில் அது தனிநபர் கணக்காகத்தான் பதிவாகும், விற்பனையாளர் இடத்தில் முதலாளியின் சொந்தப் பெயரே தெரியும். இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். ப்ளேவிலும் தனிநபர் கணக்குதான் என்றால், அது 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்ததாக இருந்தால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். கடை ஊழியர்களையே சேர்த்துவிடுங்கள், நடுவில் யாரும் விலகாமல் பார்த்துக்கொள்ள அதுதான் எளிது.