காது இரைச்சலுக்குப் போனில் ஒரு அலைச்சத்தம்

திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியில் ஊர் அடங்கி, கரண்ட் போய் ஃபேனும் நின்றுவிட்ட இரவில்தான் காதுக்குள் அந்தக் 'கீ' சத்தம் பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் சுற்றிலும் அமைதியானால் மூளைக்குக் கவனிக்க அது ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த அமைதியைக் கொஞ்சம் நிரப்ப வேண்டும்.

ரீசவுண்ட் ரிலீஃப் மாதிரி ஒரு செயலியைப் போனில் இறக்கி, மழை, காற்று, அலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு மழை எரிச்சலாக இருந்தது. நிலாவெளிக் கரையில் விடியற்காலையில் கேட்கிற மாதிரி மெல்லிய அலைதான் சரிவந்தது.

ஒலியளவுதான் முக்கியம். பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்றி, அலையும் இரைச்சலும் கலக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இரைச்சலை முழுதாக மூடிவிட்டால் மூளை அதோடு பழக வழியில்லை, அதனால் தயவுசெய்து கூட்டாதீர்கள்.

நித்திரைக்கு இயர்போன் வேண்டாம், போனைத் தலைமாட்டில் வைத்து டைமர் போட்டால் போதும். பலன் தெரிய மாதக்கணக்கு ஆகலாம்.

அப்புறம், ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறது என்றால் முதலில் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே.