ரெண்டு படத்த வெச்சு வியன்னாவ நடந்தே சுத்திப் பாக்குறது எப்படி

வியன்னா போறவங்க பெரும்பாலும் ஷோன்ப்ருன் அரண்மனை, ஸ்டீஃபன்ஸ் சர்ச், சாக்லேட் கேக்னு முடிச்சிட்டு அடுத்த ஊருக்கு ட்ரெய்ன் ஏறிடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம். அந்த ஊரோட பழைய தெருவெல்லாம் கால்ல நடந்தாத்தான் பிடிபடும், அப்படி நடக்குறதுக்கு என்னக் கேட்டா ரெண்டு படம் போதும். ஒண்ணு கேரல் ரீட் எடுத்து 1949ல வந்த 'தி தேர்ட் மேன்', இன்னொண்ணு ரிச்சர்ட் லிங்க்லேட்டரோட 'பிஃபோர் சன்ரைஸ்', 1995. மொதல்ல சொன்னது போர் முடிஞ்சு இடிஞ்சு கெடந்த ஊர், நாலு நாட்டு ராணுவம் பங்கு போட்டு ஆண்ட நேரம், ரெண்டாவதுல அதே ஊர்ல ரெண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்க பேசிக்கிட்டே நடக்குறாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே நடையா கோத்துடலாம், சுமாரா ஆறேழு கிலோமீட்டர் வரும்.

போறதுக்கு முன்னாடி படத்த ரெண்டு தடவ பாருங்க. மொத தடவ கதைக்காக, ரெண்டாவது தடவ கைய பாஸ் பட்டன்லயே வெச்சுக்கிட்டு பின்னாடி தெரியுற சிலை, சர்ச் கோபுரம், கதவு நம்பர், தெருப் பலகை எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. வியன்னா தெருப் பலகைல பேருக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கும், அது மாவட்ட நம்பர், 1ன்னு போட்டிருந்தா பழைய நகரத்துக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம். அப்புறம் எல்லாத்தையும் கூகுள் மேப்ல பின் பண்ணி, படத்துல வர்ற வரிசைய சுத்தமா மறந்துட்டு எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் பாத்து ரூட் போடுங்க. படத்துல நடக்குற வரிசைலயே போனா ஊரக் குறுக்கும் நெடுக்குமா அளந்து கால் வீங்கிடும். இன்னொண்ணு, கதை வியன்னாவுல நடக்குதுங்கறதுக்காக எடுத்ததும் அங்கதான்னு நம்பிடாதீங்க, மொஸார்ட் கதையான 'அமேடியஸ்' பெரும்பாலும் ப்ராக்ல எடுத்தது.

காலைல ஆல்பர்ட்டினா மியூசியம் மாடித் தளத்துல ஆரம்பிங்க. ஓப்பராவுக்குப் பின்னாடி, குதிர மேல ஒருத்தர் உக்காந்திருக்குற சிலை இருக்கும், பிஃபோர் சன்ரைஸ்ல விடிகாலைல அவங்க ரெண்டு பேரும் இருக்குற இடம் அது. மியூசியத்துக்குள்ள போகாமலே மேல ஏறலாம். ஜூன்ல அஞ்சு மணிக்கே வெளிச்சம் வந்துடும், அந்த நேரத்துல போனா படத்துல இருக்குற அதே காலித் தெரு கிடைக்கும். கீழ எறங்குனா கஃபே மொஸார்ட். தேர்ட் மேன்ல அந்தப் பேர் வருது, ஆனா அந்தக் காட்சிய எடுத்தது நாலு எட்டு தள்ளி நோயர் மார்க்ட்டுங்கற சதுக்கத்துல. இந்த மாதிரி ஏமாத்து வேலை நாள் முழுக்க வந்துகிட்டே இருக்கும், அதக் கண்டுபிடிக்கிறதுதான் இந்த நடையோட பாதி சந்தோஷமே.

அங்கேர்ந்து அஞ்சு நிமிஷத்துல யோசஃப்ஸ்ப்ளாட்ஸ். அஞ்சாம் நம்பர் கட்டடம் பலாவிசினி மாளிகை, 1784ல கட்டுனது, வாசலுக்கு ரெண்டு பக்கமும் பாரம் தாங்கி நிக்கிற கல்லுப் பெண்கள். தேர்ட் மேன்ல செத்துட்டதா சொல்ற ஹாரி லைமோட வீடு இதுதான், அவர் கார்ல அடிபட்டதா சொல்றதும் இந்த வாசல் முன்னாடிதான், தூக்கிட்டுப் போய் கெடத்துனதா சொல்றது எதுத்தாப்புல குதிரைல இருக்குற ரெண்டாம் யோசஃப் மன்னர் சிலைகிட்ட. வாசல்ல நின்னு சிலை வரைக்கும் நடந்து பாருங்க. ரெண்டு பேர் தூக்குனாங்களா மூணு பேரான்னு படமே அந்தக் கேள்வி மேலதான் ஓடுது. அந்த தூரத்த நடந்து பாத்தாதான் மாடி ஜன்னல்லேர்ந்து ஒருத்தர் எவ்ளோ தெளிவா எண்ணியிருக்க முடியும்னு புரியும்.

அப்புறம் ஹோஃப்பர்க் அரண்மனை வழியா மிஷாயலர்ப்ளாட்ஸ், ஃப்ரையுங் தாண்டி ஷ்ரைஃபோகல்காஸ எட்டாம் நம்பர். ராத்திரி இருட்டுல பூனை காலடில வந்து நிக்க, மேல ஜன்னல் லைட் எரிய, ஹாரியா நடிச்ச ஆர்சன் வெல்ஸ் மொத தடவ முகம் காட்டுற வாசல் இது. சாதாரண வீட்டு வாசல்தான், நிறைய பேர் கவனிக்காமலே தாண்டிப் போயிடுவாங்க. இங்க கொஞ்ச நேரம் செலவழிங்க. எதிர்ல மேடா உசந்து நிக்குதே ஒரு சுவர், அது மோல்கர் பாஸ்டை, பழைய கோட்டை மதிலோட மிச்சம். 1857ல மன்னர் ஃப்ரான்ஸ் யோசஃப் மதில இடிக்கச் சொல்லி, அந்த எடத்துலதான் இப்ப இருக்குற ரிங் ரோடு வந்துச்சு, தப்பிச்ச கொஞ்சூண்டு துண்டுல இது ஒண்ணு, மேல ஒரு வீட்ல பீத்தோவன் குடியிருந்திருக்காரு. தெரு ஏன் இப்படி சரிஞ்சு, ஏன் இவ்ளோ இருட்டா, ஏன் ஒளிஞ்சுக்க இவ்ளோ வசதியா இருக்குன்னா அதுக்குக் காரணம் அந்த மதில்தான்.

போட்டோ படத்து ஃப்ரேம் மாதிரியே வரணும்னா மொதல்ல ஜூம தொடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல முன்னாடி இருக்குற ஒரு விளிம்பு, பின்னாடி இருக்குற ஒரு விளிம்பு, இங்கன்னா மதில் முனையும் வாசப்படியும், ரெண்டும் எங்க ஒட்டி நிக்குதுன்னு பாத்து, அது அப்படியே அமையுற வரைக்கும் முன்ன பின்ன பக்கவாட்டுல நகருங்க, எடம் கிடைச்சப்புறம் ஜூம், கடைசியா ஃபோன சாய்ங்க. கேமராமேன் ராபர்ட் க்ராஸ்கர் படம் பூரா கேமராவ சாய்ச்சே வெச்சாரு, அதுக்குத்தான் ஆஸ்கரும் வாங்குனாரு. தெருவெல்லாம் பளபளன்னு தெரியணும்னு கருங்கல்ல தண்ணி ஊத்தி நனைச்சாங்க, அதனால மழை பெஞ்சு விட்ட ராத்திரி இந்த வாசலுக்கு இன்னொரு தடவ வாங்க. உள்ள ஆளுங்க குடியிருக்காங்க, சத்தம் போடாம, கதவுல சாயாம எடுத்துட்டு வந்துடணும்.

படத்துல ஹாரி அந்த வாசல்லேர்ந்து ஓடி அடுத்த நிமிஷமே ஒரு சதுக்கத்துல மறைஞ்சுடுவான். அந்தச் சதுக்கம் ஆம் ஹோஃப், நிஜத்துல பத்து நிமிஷம் கிட்ட நடக்கணும். அவன் உள்ள புகுந்து சாக்கடைக்கு எறங்குற விளம்பரத் தூண் இப்ப போனா அங்க இல்ல. ஆனா 1806ல புனித ரோமப் பேரரசு முடிஞ்சுதுன்னு அறிவிச்ச சர்ச் பால்கனி அதே சதுக்கத்துல இருக்கு, அண்ணாந்து பாக்க மறக்காதீங்க. பக்கத்துல ஹோஹர் மார்க்ட், படத்துல இடிபாடு குவிஞ்சு கெடக்குமே அந்த இடம், இப்ப சுத்தி இருக்குறதுல நிறைய போருக்கப்புறம் கட்டுனது. பன்னண்டு மணிக்கு அங்க இருக்குற மாதிரி பாத்துக்கிட்டா ஆங்கர் கடிகாரத்துல பொம்மையெல்லாம் ஊர்வலமா போறதும் கிடைக்கும்.

அப்புறம் ஃப்ரான்ஸிஸ்கானர்ப்ளாட்ஸ்ல இருக்குற க்ளைனஸ் கஃபே, பிஃபோர் சன்ரைஸ்ல கை ரேகை பாக்குற அம்மா வர்ற இடம். ஒரு காபி சொல்லிட்டு நிம்மதியா உக்காருங்க, வியன்னா கஃபேல எந்திரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வைபர்க்காஸங்கற தெருவுல நேரா நடந்தா ஸ்டாட்பார்க். அந்தப் பார்க்குக்குள்ள வியன் ஆறு ஒரு பெரிய வளைவுக்குள்ளேர்ந்து வெளிய வரும். கார்ல்ஸ்ப்ளாட்ஸ் பக்கமெல்லாம் இந்த ஆறு தரைக்கு அடியிலதான் ஓடுது, தேர்ட் மேன் கடைசித் தொரத்தல் நடக்குற உலகம் அந்த அடித்தளம்தான் (வெல்ஸ் சாக்கடைக்குள்ள எறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சதால அவரோட நிறைய ஷாட்ட இங்கிலாந்து ஸ்டூடியோவுல எடுத்தாங்க). ஆத்தோட கரையிலயே பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, பச்சை இரும்புப் பாலம் ஒண்ணு வரும், சோல்லாம்ட்ஸ்டேக், அடியில இன்னொரு பாலத்துல மெட்ரோ கோணலா குறுக்க போகும். பிஃபோர் சன்ரைஸ்ல நாடகத்துக்குக் கூப்புடுற ரெண்டு பேர சந்திக்கிறது இந்தப் பாலத்து மேலதான். ஒரே ஆறு, ஒரு படம் அதுக்கு அடியில, ஒரு படம் அதுக்கு மேல, நடுவுல நாப்பத்தாறு வருஷம். பஸ்ல வந்து எறங்கி போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஆத்தோட நடந்து வந்தவங்களுக்குத்தான் தெரியும்.

பாலத்துலேர்ந்து ப்ராட்டர் பொழுதுபோக்குப் பூங்காவுல இருக்குற பெரிய ராட்டினத்துக்கு நடந்தும் போகலாம், கால் வலிச்சா மெட்ரோ புடிச்சு ப்ராட்டர்ஷ்டெர்ன்ல எறங்குங்க. 1897ல கட்டுனது, 65 மீட்டர் கிட்ட உசரம். 1944ல எரிஞ்சு போயி, திரும்பக் கட்டுனப்ப முப்பது பெட்டிக்கு பதிலா பதினஞ்சுதான் மாட்டுனாங்க, அதனாலதான் பெட்டிகளுக்கு நடுவுல அவ்ளோ இடைவெளி. ரெண்டு படத்துலயும் வர்ற ஒரே பெரிய லொகேஷன் இதுதான், ஒண்ணுல மெரட்டல், ஒண்ணுல மொத முத்தம். டிக்கெட் மலிவு இல்ல, இருந்தாலும் ஏறுங்க, சாயங்காலமா.

தேர்ட் மேன்ல வர்ற மத்திய கல்லறைத் தோட்டத்த இதோட சேக்காதீங்க, அதுக்குத் தனியா அரை நாள் வேணும், 71ம் நம்பர் ட்ராம்ல போகணும். ரெண்டரை சதுர கிலோமீட்டர் இருக்கு. தேர்ட் மேன் கடைசி ஷாட்ல இலை உதிர்ற நீள நடைபாதை வேணும்னா நவம்பர்ல போங்க, நாலரைக்குள்ள இருட்டிடும், அதனால மதியமே போயிடணும்.

நல்ல ஷூ போடுங்க, கருங்கல் தெரு பாதத்த கொன்னுடும். தண்ணி பாட்டில் வாங்க வேணாம், குழாய்ல வர்றது ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி, தைரியமா புடிச்சுக் குடிங்க. ஞாயித்துக்கெழம கடை பெரும்பாலும் மூடியிருக்கும், பிஃபோர் சன்ரைஸ்ல ரெண்டு பேரும் பாட்டு கேக்குற ரெக்கார்ட் கடை, விண்ட்முல்காஸல இருக்குற டாய்ஷ்ட்லர், பாக்கணும்னா வார நாள்ல வெச்சுக்கோங்க. சாக்கடைக்குள்ள கூட்டிட்டுப் போற டூர் கார்ல்ஸ்ப்ளாட்ஸ் பக்கத்துலேர்ந்து கெளம்பும், குளிர்காலத்துல கெடையாது, தேர்ட் மேன் மியூசியமும் எல்லா நாளும் தெறக்காது, ரெண்டோட வெப்சைட்டயும் ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ராத்திரி தெம்பிருந்தா ரிங் ரோட்ல பர்க் கினோ தியேட்டர்ல தேர்ட் மேன இன்னும் ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க, டைமிங் பாத்துட்டுப் போங்க.