பாதை அடைபடும் நாட்களுக்கு: சேர்வராயன் மலையில் கார்த்திகை மழைக்கான முன்னேற்பாடு

வங்கக் கடலில் உருவாகும் புயல் ஏற்காட்டுக்கு வந்து சேரும்போது அதன் காற்று பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும், மழை அடங்கியிருக்காது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், பல மணி நேரம் அங்கேயே நின்று, வலுவிழந்து, மேற்கே நகர்ந்து வந்தபோதுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறிக் குளிரும்போது, கீழே சேலத்தில் பெய்வதைக் காட்டிலும் அதிகமாக மலையில் கொட்டிவிடும். ஆகவே இங்கே வாழ்பவர்கள் காற்றுக்குத் தயாராவதைவிட, பாதை அடைபட்டு, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் நான்கைந்து நாட்கள் இருந்த இடத்திலேயே இருப்பதற்குத் தயாராக வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த நான்கைந்து நாட்களுக்கான ஏற்பாடுதான்.

ஐப்பசிக்கு முன்பே செய்ய வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில் தண்ணீர் வடியும் வழியைப் பாருங்கள். 20 செ.மீ. மழை என்று செய்தியில் கேட்கும்போது அது சிறிய எண்ணாகத் தோன்றும். ஓர் ஏக்கர் நிலத்தில் அது ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் தண்ணீர். அத்தனையும் உங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் இடையிலுள்ள ஒரு முழ அகல வாய்க்கால் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வாய்க்காலை அடைப்பது பெரும்பாலும் கல்லோ மண்ணோ அல்ல, சில்வர் ஓக் இலைதான். காப்பித் தோட்டத்து நிழல்மரமான அதன் இலை, காய்ந்து விழுந்தபின் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நனைந்ததும் கோரைப்பாய் விரித்தது போலப் படிந்துவிடும். மண்வெட்டியால் வாரினால் வராது, கையால் உரித்து எடுக்க வேண்டும். எங்கள் தெருமுனைச் சிறுபாலத்தில் ஒரு முறை இந்த இலையும், சுற்றுலா வந்தவர்கள் வீசிய தண்ணீர் பாட்டில்களும் சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் சாலைக்கு மேலே ஏறி, மறுபுறத்துத் தடுப்புச்சுவரின் அடிமண்ணை ஒரே இரவில் அரித்துவிட்டது. பாட்டில்களை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. அந்தக் குழாயை நாங்கள் அந்த ஆண்டு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டின்மேலும் மின்கம்பியின்மேலும் சாய்ந்திருக்கும் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும். சில்வர் ஓக் கிளை வளையாது, முறியும். கம்பியை ஒட்டிய கிளையை நீங்களே வெட்ட முயலாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே வெட்ட வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்யுங்கள். தகரக் கூரையின் ஆணிகளை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

வீட்டுக்குள்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர் வேண்டும். சாதாரணக் குடத்தில் ஐந்தாறு குடம். சுற்றிலும் மழை பெய்யும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. ஊற்றுத்தண்ணீரோ செம்மண் கலங்கி வரும். கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும்.

உணவில் நான் அரிசியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; அது எந்த வீட்டிலும் இருக்கும். அடுப்பு எரியாத வேளைக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம், பிஸ்கட் ஆகியவையும், குழந்தை இருந்தால் பால் பவுடரும் இருக்க வேண்டும். இரண்டாவது சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்பதைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். கையில் ஓரளவு ரொக்கம், அதுவும் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக, இருக்கட்டும். செல்போன் கோபுரம் ஓய்ந்த பின் பெட்டிக்கடைக்காரரிடம் ஸ்கேன் செய்து பணம் கட்ட முடியாது.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் எப்போதும் 15 நாள் மருந்து கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 25 டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாது, கார்த்திகை மாத ஏற்காட்டில் அந்தச் சூடு வீட்டுக்குள் இருக்கப்போவதும் இல்லை. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

குளிரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உடல்சூடு விரைவில் இறங்கிவிடும். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள், தலையையும் காதையும் மூடுங்கள், தரையில் பாய்க்கு அடியில் சாக்கோ அட்டையோ விரியுங்கள். ஆனால் கரி போட்ட குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்து, சன்னலைச் சாத்திவிட்டு ஒருபோதும் தூங்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதற்கு முன்பே அது ஆளைக் கொன்றுவிடும். ஜெனரேட்டரையும் இதே காரணத்துக்காக வீட்டுக்கு வெளியே, சன்னலுக்குத் தள்ளித்தான் ஓட்ட வேண்டும்.

ஊராகச் செய்ய வேண்டியவை

ஊர்க்கூட்டம் என்றால் பேசிக் கலைவது என்றாகிவிட்டது. இதற்கு ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஒரு பக்கத்தில், தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நிறைமாத கர்ப்பிணிகள் யார் யார், எந்த வீடு என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில், யாரிடம் ஜீப், பிக்கப் வண்டி இருக்கிறது, யாரிடம் மரம் அறுக்கும் மெஷின், கடப்பாரை, கயிறு, தார்ப்பாய் இருக்கின்றன, நர்ஸாக வேலை பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயரை இணைத்துவிட்டால் ஊரின் வேலை பாதி முடிந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் இதே மாதங்களில் வருவதால், வெளியிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்களையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும்; ஊர்க் கணக்கில் அவர்கள் பெயர்தான் எப்போதும் விடுபடும்.

கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் எச்சரிக்கை வந்த அன்றே சேலத்தில் உறவினர் வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகிலோ தங்கவைத்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் உண்டு. அதே மழை அந்த மலையிலும் பெய்கிறது.

எச்சரிக்கையின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்று வானிலை ஆய்வு மையம் பிரிக்கிறது. ஆனால் அறிவிப்பு பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் கொல்லையில் பெய்வதை நீங்களே அளக்கலாம். மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், தெறிக்கும் நீர் விழாத உயரத்தில் நிறுத்திவைத்து, காலையில் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். தண்ணீர் எத்தனை செ.மீ. நிற்கிறதோ அத்தனை செ.மீ. மழை. தொடர்ந்து இரண்டு நாள் பத்துக்கு மேல் காட்டினால் சரிவை ஒட்டிய வீட்டுக்காரர்கள் மூன்றாம் இரவை அங்கே கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ திறந்திருக்க, சாவி யாரிடம் என்பது அந்த நோட்டில் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது

மண் சரிவதற்கு முன் பல நேரம் சொல்லிவிட்டே சரியும். மேட்டு நிலத்தில் வில் வடிவில் புதிய விரிசல் தெரிவது, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் பிடிப்பது, தெளிவாக ஓடிய ஓடை திடீரெனச் சேறாவது அல்லது கொட்டும் மழையிலும் நின்றுபோவது ஆகியவை அந்த அறிகுறிகள். ஓடை நின்றது மிக மோசமானது. மேலே எங்கோ மண் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது என்று அதற்குப் பொருள். அப்போது பொருள்களை எடுக்க நிற்காமல், ஓடைப்போக்கில் இறங்காமல், பக்கவாட்டில் மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே எண்ணி விலகி நில்லுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைச் செல்போனில் மட்டுமன்றிச் சுவரிலும் கரியாலாவது எழுதிவையுங்கள்.

சேலம் நகரில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். மலையில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு திருமணிமுத்தாற்றின் வழியாக உங்கள் ஊருக்குள்தான் இறங்குகிறது. நகரில் வெயில் அடித்தாலும் மலை கறுத்திருந்தால், ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்கள் வண்டியையும் தரையில் உள்ள அரிசி மூட்டையையும் மேடேற்றிவிட வேண்டும்.

மழை விட்டதும் உடனே பாதையைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஊறிய மண் வெயில் வந்த மறுநாளும் சரியும். பாதை திறக்கும்போது கீழே போகும் முதல் வண்டியில் யார் ஏறுவது என்பதை நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: முதலில் நோயாளி, பிறகு மருந்துச்சீட்டுகளைத் திரட்டி எடுத்துக்கொண்டு போகும் ஒருவர், இடமிருந்தால் மட்டுமே மற்றவர்கள்.