8 இன்ச்சிலிருந்து 10 இன்ச்சுக்கு: எஃப்450 ட்ரோனில் பெரிய புரொப்பல்லர் மாட்டுவது எப்படி

எஃப்450 ஃப்ரேம், ஏ2212 1000 கேவி மோட்டார் நான்கு (கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) நான்கு, 3எஸ் (மூன்று செல் கொண்ட) லைப்போ பேட்டரி. குறைந்த செலவில் முதல் ட்ரோன் கட்டுகிற பலர் இந்தக் கூட்டணியில்தான் தொடங்குகிறார்கள். இதில் 8045 புரொப்பல்லர் மாட்டினால் ட்ரோன் பறக்கத்தான் செய்யும். ஆனால் த்ராட்டிலை நிறையத் தள்ளினால்தான் அந்தரத்தில் நிற்கும், பேட்டரி வேகமாக இறங்கும், ஒரு சின்ன கேமராவைக் கூடுதலாகக் கட்டினாலே திணறும். இந்த மோட்டாருக்கு 3எஸ் பேட்டரியில் பொருத்தமான அளவு 1045. மாட்டுகிற வேலை அரை மணி நேரம்தான். மாட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கையும், மாட்டிய பின் செய்ய வேண்டிய ட்யூனிங்கையும் விட்டுவிடுவதால்தான் மோட்டார் கருகுவதும் ட்ரோன் ஆடுவதும் நடக்கின்றன.

ப்ராப்பின் (புரொப்பல்லரின்) மேல் எழுதியிருக்கும் எண்ணில் முதல் பாதி விட்டம், அடுத்த பாதி பிட்ச். 8045 என்றால் 8 இன்ச் விட்டம், 4.5 இன்ச் பிட்ச். 1045 என்றால் 10 இன்ச் விட்டம், அதே 4.5 பிட்ச். ப்ராப் வழுக்காமல் திருகு போல ஏறினால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதுதான் பிட்ச். பிட்ச் கூடினால் வேகம் கிடைக்கும். ஒரே இடத்தில் நிற்கவும் எடை தூக்கவும் விட்டம்தான் உதவும்.

பெரிய ப்ராப் என்ன செய்கிறது

ஒரே வேகத்தில் சுற்றினால் த்ரஸ்ட் (தூக்கும் விசை) விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதற்குத் தேவையான பவர் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 8-ஐ 10 ஆக்கினால் த்ரஸ்ட் சுமார் 2.4 மடங்கு, பவர் சுமார் 3 மடங்கு. இந்த இரண்டாவது எண்தான் மோட்டாரைக் கொல்வது.

ஆனால் ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது, ட்ரோன் தன் எடையை மட்டும் தூக்கினால் போதும். அதனால் பெரிய ப்ராப் மெதுவாகச் சுற்றியே அந்த வேலையை முடித்துவிடும். அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். ஒரே எடைக்கு ஹோவர் பவர் விட்டத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும்: 8-லிருந்து 10-க்குப் போனால் ஏட்டுக் கணக்கில் 20 சதவீத மிச்சம். ப்ராப்பின் கூடுதல் எடை, பிளேடின் தரம், மோட்டாரின் திறன் எல்லாம் குறுக்கே வருவதால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆக, ஹோவரில் கரண்ட் குறையும், முழு த்ராட்டிலில் கரண்ட் கூடும். இந்த இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

மோட்டார் தாங்குமா?

ஏ2212 1000 கேவி மோட்டாரின் விவரத் தாளில் 12 ஆம்பியர், 60 வினாடி என்று இருக்கும். திறன் நன்றாக இருப்பது 4 முதல் 10 ஆம்பியர் வரை. 3எஸ் பேட்டரியில் 1045 மாட்டினால் முழு த்ராட்டிலில் அந்த 12-ஐ ஒட்டிப் போகும். அதாவது இந்த மோட்டாருக்கு 10 இன்ச் என்பது எல்லைக் கோடு. அதே ப்ராப்போடு 4எஸ் பேட்டரியை மாட்டவே மாட்டாதீர்கள். மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் கரண்ட் முக்கால் பங்கு வரை கூடக்கூடும். 30 ஆம்பியர் ஈஎஸ்சி அதைத் தாங்கும், மோட்டாரின் சுருள் தாங்காது. 4எஸ்-தான் வேண்டும் என்றால் 8045-லேயே இருங்கள்.

இன்னொரு வலை: ஏ2212 என்ற அதே பெயரில் 1400 கேவி, 2200 கேவி மோட்டார்களும் விற்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 1400 கேவி என்றால் 3எஸ்-இல் 8 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது, 2200 கேவி என்றால் 6 இன்ச்தான். மோட்டாரில் ஒட்டியிருக்கும் கேவி எண்ணைப் படித்துவிட்டு ப்ராப் வாங்குங்கள்.

பேட்டரியையும் பாருங்கள். நான்கு மோட்டாரும் 12 ஆம்பியர் இழுத்தால் 48 ஆம்பியர். 5000 எம்ஏஹெச் 25சி பேட்டரிக்கு (25சி என்றால் கொள்ளளவைப் போல 25 மடங்கு கரண்ட் தரும் என்று பொருள்) இது பொருட்டே இல்லை. 2200 எம்ஏஹெச் 25சி என்றால் லேபிளில் 55 ஆம்பியர்தான் வரும். மலிவு பேட்டரிகளின் சி எண்ணை அப்படியே நம்ப முடியாது, அதனால் திடீரென்று த்ராட்டில் ஏற்றும்போது வோல்டேஜ் சரிந்துவிடலாம்.

இடம் இருக்கிறதா?

எஃப்450-இல் எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 450 மி.மீ. பக்கத்துப் பக்கத்து மோட்டார்களுக்கு இடையே 318 மி.மீ. 10 இன்ச் ப்ராப் 254 மி.மீ. என்பதால் இரண்டு பிளேடு நுனிகளுக்கு நடுவே 64 மி.மீ. இடைவெளி மிஞ்சும். 11 இன்ச்சுக்கு 39 மி.மீ. மிஞ்சும். 12 இன்ச் மாட்டினால் வெறும் 13 மி.மீ., ஃப்ரேமின் கை லேசாக வளைந்தாலும் ஆபத்து. 11 இன்ச் உள்ளே நுழைகிறதே என்று 1000 கேவி மோட்டாரில் போடாதீர்கள். ஒரே வேகத்தில் 10-ஐவிட 1.6 மடங்கு பவர் கேட்கும். அதற்குக் கேவி குறைந்த மோட்டார் வேண்டும்.

பலர் மறப்பது நடுப்பகுதியை. 10 இன்ச் ப்ராப்பின் நுனி ட்ரோனின் மையத்திலிருந்து 98 மி.மீ. தூரம் வரை வரும். 8 இன்ச்சில் இது 123 மி.மீ. ஆக இருந்தது. இந்த இரண்டரை சென்டிமீட்டருக்குள்தான் ரிசீவர் ஆன்டெனா, பேட்டரி ஸ்ட்ராப்பின் வால், ஜிபிஎஸ் ஒயர் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ப்ராப்பைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். பறக்கும்போது பிளேடு மேல்நோக்கி வளையும், ஆகவே ப்ராப்புக்கு மேலேயும் இடம் விடுங்கள்.

மாற்றும் முன் ஒரு அளவு

பழைய ப்ராப்போடு, முழு சார்ஜில், காற்றில்லாத நேரத்தில் சரியாக 5 நிமிடம் ஹோவர் செய்து இறக்குங்கள். மறுபடி சார்ஜ் போடும்போது எத்தனை எம்ஏஹெச் உள்ளே போனது என்று சார்ஜர் காட்டும். அதை 12-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் சராசரி ஹோவர் கரண்ட். 1500 எம்ஏஹெச் போனால் 18 ஆம்பியர். வாட் மீட்டர் இல்லாதவருக்கும் இது போதும். மாற்றிய பின் இதையே திரும்பச் செய்து ஒப்பிடுங்கள். 18 ஆம்பியர் 15 ஆக இறங்கினால், 5000 எம்ஏஹெச் பேட்டரியில் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் 13 நிமிடம் 16 நிமிடமாகும். கரண்ட் குறையவே இல்லை என்றால் ப்ராப்பின் தரத்தையோ மாட்டிய விதத்தையோ சந்தேகப்படுங்கள்.

வாங்குவதும் பேலன்ஸ் செய்வதும்

1045 இரண்டு ஜோடி வேண்டும்: இரண்டு சாதாரணம், இரண்டு எதிர்ச்சுற்று. எதிர்ச்சுற்று ப்ராப்பில் 1045ஆர் என்று இருக்கும். உடையும் என்பதால் இன்னும் இரண்டு ஜோடி சேர்த்து வாங்குங்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும். ஸ்லோ ஃப்ளையர் வகை பிளேடு மெல்லியது. ஏபிசி கம்பெனி அந்த வகைக்கு விதித்திருக்கும் உச்ச ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று), 65,000-ஐ இன்ச்சால் வகுத்தால் வருவது, அதாவது 10 இன்ச்சுக்கு 6500. மல்டிரோட்டர் வகைக்கு அதே கணக்கு 1,05,000-இல் தொடங்குகிறது. ட்ரோனுக்கு மல்டிரோட்டர் வகையே நல்லது.

பெரிய ப்ராப்பில் சின்ன எடை வித்தியாசமும் பெரிய நடுக்கமாக மாறும். காந்த பேலன்சரில் ப்ராப்பைக் கிடையாக வைத்து விடுங்கள். கீழே இறங்கும் பிளேடு கனமானது. லேசான பிளேடின் அடிப்பக்கத்தில் சின்னத் துண்டு செல்லோடேப் ஒட்டுங்கள், அல்லது கனமான பிளேடின் அடிப்பக்கத்தை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். முன் விளிம்பைத் தொடாதீர்கள், காற்றை வெட்டும் வடிவம் அங்கேதான் இருக்கிறது. எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது.

மாட்டுவது

1. பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பழைய ப்ராப்பை எடுத்துவிட்டு, ப்ராப் இல்லாமலே மோட்டார் திசையைச் சரிபாருங்கள். ஆர்டுபைலட்டில் (ட்ரோனை இயக்கும் மென்பொருள்), எக்ஸ் வடிவத்தில், மேலிருந்து பார்த்தால் முன் வலதும் பின் இடதும் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற வேண்டும், மற்ற இரண்டும் கடிகாரத் திசையில். தண்டில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் திசை நன்றாகத் தெரியும்.

2. அடாப்டர் தண்டின் தடிமனை அளந்து, ப்ராப்போடு வரும் பிளாஸ்டிக் வளையங்களில் இறுக்கமாகப் பொருந்துவதை எடுங்கள். வளையம் ஆடினால் எவ்வளவு பேலன்ஸ் செய்தும் பயனில்லை.

3. எழுத்துள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். தடித்த, வளைந்த விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும்.

4. நட்டை இறுக்குங்கள். சாதாரண மரை கொண்ட அடாப்டரில், கடிகாரத் திசையில் சுற்றும் இரண்டு மோட்டார்களில்தான் நட்டு கழலப் பார்க்கும். அங்கே நைலான் நட்டு போடுவது நல்லது. நட்டு கழலாமல் இருக்க ஊற்றும் மரைப் பசை ப்ராப் பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடித்து உதிரும், ஆகவே பசை வேண்டாம்.

9450 போலத் தானே இறுகும் ப்ராப்புக்கான மோட்டார் உங்களிடம் இருந்தால், துளையுள்ள சாதாரண 1045 அதில் ஏறாது. அதே மரை வகையில் தேடுங்கள்.

ட்யூனிங்

ஈஎஸ்சி காலிப்ரேஷனை மறுபடி செய்யத் தேவையில்லை. பிஐடி-யை, அதாவது ட்ரோன் தன் சாய்வை எவ்வளவு வலுவாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் எண்களை, மாற்றியே ஆக வேண்டும். அதே த்ராட்டில் மாற்றத்துக்கு இப்போது விசை அதிகம். 10 இன்ச் ப்ராப்பின் சுழல் நிலைமமோ, ஒரே வடிவம் என்று வைத்தால், 8 இன்ச்சைப் போல 3 மடங்கு, எனவே வேகம் மாற நேரமும் அதிகம். பழைய எண்களோடு எழும்பினால் ட்ரோனின் கைகள் படபடவென்று அதிரும். முதல் பறத்தலுக்கு முன் ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (இங்கே முன்பின் சாய்வு) இரண்டிலும் பி, டி மதிப்புகளை 25 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டுப் பலகையில் புதிய ஆர்டுபைலட் ஓடினால் இன்னும் எளிது. அதைக் கணினியில் அமைக்க உதவும் மிஷன் பிளானரில் தொடக்க ட்யூனிங் பக்கத்தில் ப்ராப் அளவு 10, செல் எண்ணிக்கை 3 என்று கொடுங்கள், அதுவே கணக்கிட்டுத் தரும். 10 இன்ச்சுக்கு த்ரஸ்ட் எக்ஸ்போ 0.65-ஐ ஒட்டியும், ஜைரோ ஃபில்டர் 40 ஹெர்ட்ஸை ஒட்டியும் வர வேண்டும். பிறகு ஆட்டோட்யூன், அதாவது பறந்தபடியே ட்ரோன் தானே ட்யூன் செய்துகொள்வது.

முதலில் இடுப்பு உயரத்தில் 30 வினாடி மட்டும். இறக்கி, பேட்டரியைக் கழற்றி, நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரலை ஐந்து வினாடி வைக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். 80 டிகிரிக்கு மேல் சாதாரண நியோடிமியம் காந்தம் வலுவிழக்கத் தொடங்கும், அது திரும்பி வராது. சூடு சரியென்றால் 2 நிமிடம் பறந்து லாக்கில் (பறத்தல் பதிவில்) அதிர்வைப் பாருங்கள்: 30 மீ/வி²-க்குக் கீழே இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் பறக்காதீர்கள்.

கோளாறுகள்

எழும்பும்போதே கவிழ்கிறது என்றால் ஏதோ ஒரு ப்ராப் தவறான மோட்டாரில் இருக்கிறது. ட்யூனிங்கைத் தொட வேண்டாம்.

எழும்புகிறது, ஆனால் சக்தியில்லை, ஒரு பக்க மோட்டார் சுடுகிறது என்றால் அந்த ப்ராப் தலைகீழாக இருக்கலாம். தலைகீழாக மாட்டினாலும் காற்றைக் கீழேதான் தள்ளும், அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது ஒரு மோட்டார் கிறீச்சிட்டுத் தடுமாறினால், கனமான ப்ராப்பை ஈஎஸ்சி பின்தொடர முடியவில்லை. ஈஎஸ்சி-யின் டைமிங்கை மீடியத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

நேராக இறங்கும்போது மட்டும் ஆடினால் அது தன் காற்றிலேயே ட்ரோன் சிக்குவது. நொடிக்கு ஒரு மீட்டருக்குள் இறங்குங்கள், அல்லது முன்னால் நகர்ந்தபடியே இறங்குங்கள்.

சில பறத்தல்களுக்குப் பிறகு அதிர்வு கூடினால் ப்ராப்பின் நடுக்குமிழை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். துளையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே விரிசல் தொடங்கிவிட்டது. அந்த ப்ராப்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள், பெட்டியில் திரும்ப வைத்தால் என்றாவது அவசரத்தில் எடுத்து மாட்டிவிடுவீர்கள்.