செப்பாங் வெயிலில் எந்த மோட், எந்த டியூன்?

செப்பாங் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டப் போகிறவர்களில் பலர், ஸ்போர்ட் மோடை (காரின் ஓட்டும் நிலைகளில் ஒன்று) அழுத்தினால் குதிரைத்திறன் கூடும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் அப்படி இல்லை. மிதியை முழுவதும் அழுத்தினால் எந்த மோடிலும் எஞ்சின் தருவது ஒரே சக்திதான். மாறுவது பாதி மிதிக்குக் கிடைக்கும் பதில், கியர் மாறும் நேரம், டேம்பரின் (அதிர்வு தாங்கியின்) இறுக்கம், ஸ்டீயரிங்கின் கனம், சறுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு எப்போது குறுக்கிடுகிறது என்பது. ஆகவே மோடைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்ப்பாதையை மறந்துவிட்டு வளைவுகளை எண்ணுங்கள்.

செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கி.மீ., 15 வளைவுகள். இதில் 9ஆம் வளைவு மேட்டில் ஏறும் இடப்பக்கக் கொண்டை ஊசி. அங்கே மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க முடியும். கூர்மையான மோடில் கால் சற்று நகர்ந்தாலே முறுக்குவிசை குபீரென வந்துவிடும். முன்சக்கரக் கார் வெளியே தள்ளும், பின்சக்கரக் கார் வால் ஆட்டும். இதற்குத் தீர்வு, தனித்தனியாக அமைக்க இடம் தரும் மோடில் எஞ்சினை நடுநிலையிலும் டேம்பரை இறுக்கமாகவும் வைப்பது. ஹோண்டாவின் எப்எல்5 சிவிக் டைப் ஆரில் 'இண்டிவிஜுவல்' மோட் இருப்பது இதற்குத்தான். 2020இல் வந்த டொயோட்டாவின் முதல் ஜிஆர் யாரிஸில் மோட் மாற்றினால் முன், பின் சக்கரங்களுக்கான விசைப் பங்கீடே மாறும்: நார்மலில் 60:40, ஸ்போர்ட்டில் 30:70, டிராக்கில் 50:50. அந்தக் காரில் மட்டும் மோடை வேறு கணக்கில் பார்க்க வேண்டும்.

ஆட்டோ கியர் என்றால் மேனுவலுக்கு மாற்றி நீங்களே தட்டுங்கள். 13ஆம் வளைவிலிருந்து 14க்குள் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது கணினி தானாகக் கியரைக் குறைத்தால் கார் நிலைகுலையும். ஸ்டீயரிங் கனம் உங்கள் விருப்பம். அதனால் நேரம் குறையாது.

சறுக்கல் கட்டுப்பாட்டை முழுவதும் அணைக்காதீர்கள். 'ஸ்போர்ட்' நிலை போதும். ஆனால் அது ஓயாமல் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். அது எஞ்சின் சக்தியைக் குறைப்பதோடு பிரேக்கையும் பிடிக்கும். பின் பிரேக் பேட் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தால், வளைவிலிருந்து வெளியேறும்போது நீங்கள் அவசரப்பட்டு மிதிக்கிறீர்கள் என்று பொருள். மழை வந்தால், நம் ஊரில் மாலையில் வரத்தான் செய்யும், எல்லாவற்றையும் மிக மென்மையான நிலைக்குக் கொண்டுவாருங்கள். டேம்பர் இளகினால்தான் எடை மெதுவாக நகர்ந்து ஈரத்தில் டயர் பிடிக்கும்.

இனி டியூன், அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது. சக்தி உண்மையிலேயே கூடுவது இங்கேதான், கெடுவதும் இங்கேதான். 33 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. டர்போ அதை ஈடுகட்ட அதிகம் சுழலும். அதனால் அழுத்தப்பட்ட காற்று மேலும் சூடாகும். இண்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) தாக்குப்பிடிக்காத காரில் முதல் சுற்றில் 45 டிகிரியாக இருந்த உள்ளிழு காற்று, மூன்றாம் சுற்றில் 65ஐத் தாண்டிவிடலாம். தட்டல் (சிலிண்டரில் எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்க ஈசியூ, அதாவது எஞ்சின் கணினி, பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும், சக்தி இறங்கும். டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடையில்) ஒரு ஓட்டம் பத்து விநாடிக்குச் சற்று மேல், பானெட் திறந்து, முன்னால் பெரிய விசிறி வைத்து நடப்பது. அந்தத் தாளில் உள்ள உச்ச எண் நான்காம் சுற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

டியூன் செய்பவரிடம் இதைக் கேளுங்கள்: ரோன் 97 பெட்ரோலுக்கு (ரோன் எண் கூடினால் தட்டல் வருவது குறையும்) தனி மேப், அதாவது ஈசியூவின் அமைப்புத் தொகுப்பு, உள்ளிழு காற்று சூடானால் பூஸ்ட்டையும் (டர்போ தரும் காற்றழுத்தத்தையும்) பற்றவைப்பையும் குறைக்கும் அட்டவணைகளைத் தொடாமல் விடுவது, நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்கு மேல் பூஸ்ட் மெல்ல இறங்குவது. குளிர்நீர், எண்ணெய் வெப்பக் காப்பு எதையும் நீக்கச் சம்மதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி இடைவெளியை 0.1 மி.மீ. குறைத்தால், உயர் பூஸ்ட்டில் தீப்பொறி அணைவது குறையும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் அமர்வை ஸ்டாக் மேப்பில் (தொழிற்சாலை அமைப்பில்) ஓட்டுங்கள்: ஒரு சூடேற்றும் சுற்று, மூன்று முழுச் சுற்று, ஒரு ஆற்றும் சுற்று. ஓபிடியில் (காரின் கணினித் தரவைப் படிக்கும் இணைப்பில்) உள்ளிழு காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரின் பற்றவைப்புப் பின்தள்ளல், ஈசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், எண்ணெய் வெப்பம் ஆகியவற்றைப் பதியுங்கள். அடுத்த அமர்வில் மேப்பை மட்டும் மாற்றி, முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் ஒப்பிடுங்கள். 14ஆம் வளைவை விட்டபின் வரும் நேர்ப்பாதையின் முடிவில் வேகம் சுற்றுக்குச் சுற்று இறங்கினால் அது வெப்பம். எல்லாச் சிலிண்டரும் 4, 5 டிகிரி பின்தள்ளினால் பெட்ரோலோ மேப்போ சரியில்லை. ஒரே சிலிண்டர் மட்டும் என்றால் முதலில் அதன் பிளக், பிறகு இன்ஜெக்டர். கேட்ட பூஸ்ட் ஒன்று, கிடைப்பது அதைவிடக் குறைவு என்றால் டர்போக் குழாயை இறுக்கும் கிளாம்ப்பைத் தடவிப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் 130 டிகிரியைத் தொட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

பலர் மறப்பது பிரேக்கை. நேர்ப்பாதை முடிவில் 200க்குப் பதில் 210 வந்தால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 10 சதவீதம் கூடும். பிரேக் எண்ணெய் நம் ஈரக்காற்றில் நீரை உறிஞ்சும். டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, நீர் ஏறியதற்கு 155 வரை இறங்கலாம். டியூனுக்குச் செலவு செய்வதற்கு முன் அதை மாற்றுங்கள். சாலை டயர் என்றால் டயர் சூடாகும் முன் 28 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, ஓட்டிச் சூடானபின் 34, 35க்கு வருகிறதா என்று ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் அளந்து காற்றை விடுங்கள்.

அமர்வு முடிந்து பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் தட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எலிட் நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குத் திரும்பும் வழியில் ரோன் 95 ஊற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே ஸ்டாக் மேப்பை ஏற்றிவிடுங்கள்.