மேட்ச்பிளே கோல்ஃப்: பணம் கட்டாமல் பந்தயம் கட்டும் முறை

முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு, இணையத்தில் பணம் கட்டும் விளையாட்டுகளை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் தடை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் வந்துவிட்டது. "ஆயிரம் போட்டால் ஐயாயிரம்" என்று கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைத் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

நான் சொல்வது வேறு பந்தயம். கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்குப் போகும் சாலையில் ஒரு டீக்கடை இருக்கிறது. மைதானத்தில் பை சுமக்கும் கேடிகளும் நானும் பெரிய போட்டிகளில் யார் ஜெயிப்பார் என்று அங்கே சீட்டு எழுதிப் போடுகிறோம். பணயம், அடுப்பை ஒட்டிய பெஞ்ச். ஜெயித்தவருக்கு அடுத்த போட்டி வரை அந்த இடம் சொந்தம். டிசம்பர் காலையில் மூடுபனி கடைக்குள் நுழையும்போது அதன் மதிப்பு என்னவென்று இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கேடிகளில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். கோல்ஃபை அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பதிலுக்கு, அன்று அவர்கள் தப்பித்துக்கொண்ட நிகழ்தகவுப் பாடத்தை இன்று நான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. வழக்கமான போட்டியில் நான்கு நாள் அடித்த மொத்த அடிகளை எண்ணுவார்கள். மேட்ச்பிளேயில் இருவர் நேருக்கு நேர். ஒவ்வொரு குழியும் தனிப் போட்டி. குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. மீதமுள்ள குழிகளைவிட முன்னிலை அதிகமானால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. 'த்ரீ அண்ட் டூ' என்றால், இரண்டு குழிகள் பாக்கி இருக்கும்போதே மூன்று குழி முன்னிலையில் ஜெயித்துவிட்டார் என்று பொருள்.

இதிலிருந்துதான் சீட்டு எழுதுபவருக்கு முதல் லாபம் கிடைக்கிறது. ஒருவர் பதினெட்டு குழிகளையும் பார் எண்ணிக்கையிலேயே (ஒவ்வொரு குழிக்கும் வகுத்துவைத்த அடிக்கணக்கு) முடிக்கிறார், மொத்தம் 72. இன்னொருவர் ஆறு குழிகளில் பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) அடிக்கிறார், இரண்டு குழிகளில் பந்தைப் புதருக்குள் விட்டு மும்மூன்று அடி கூடுதலாக வாங்குகிறார், மற்ற பத்தும் பார். அவருக்கும் 72தான். மொத்த அடிக்கணக்கில் இருவரும் சமம். நேருக்கு நேர் நிறுத்திப் பாருங்கள்: இரண்டாமவர் ஆறு குழிகளை எடுக்கிறார், இரண்டை விடுகிறார். அடித்து நொறுக்கிவிட்டார் என்றே சொல்லலாம். புதரில் மூன்று அடி வீணானாலும் முப்பது அடி வீணானாலும் போவது ஒரே ஒரு குழி. ஆகவே தரவரிசையையும் சராசரியையும் பார்த்துச் சீட்டு எழுதாதீர்கள். ஒரு சுற்றில் எத்தனை பேர்டி அடிக்கிறார் என்று தேடுங்கள்.

உடனே தூரம் அடிப்பவர்கள் பின்னால் ஓடவேண்டாம். அமெரிக்க வீரர் கெவின் கிஸ்னர் நீளமாக அடிப்பவரே அல்ல. ஆஸ்டினில் நடந்த உலக மேட்ச்பிளே போட்டியில் 2018இல் இறுதிக்கு வந்து பப்பா வாட்சனிடம் 'செவன் அண்ட் சிக்ஸ்' என்று தோற்றார். 2019இல் மாட் குச்சரை வென்று கோப்பையை எடுத்தார். 2022இல் மறுபடி இறுதி, இந்தமுறை ஸ்காட்டி ஷெஃப்லரிடம் தோல்வி. ஆறேழு அடித் தூரத்துப் பந்தைக் குழியில் இறக்கும் கை அவருடையது. எதிராளி ஏற்கெனவே பேர்டி வாய்ப்பில் நிற்கும்போது அந்தப் பந்து விழுந்தால், எதிராளிக்குக் குழி கைநழுவுவதோடு மனமும் கனத்துவிடும். மைதானமும் குட்டையானது என்பதால் கிஸ்னருக்குத் தோதுப்பட்டது. மைதானம் யாருக்கு ஏற்றது என்று பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து எழுதுபவர் எங்கள் கடையில் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது, தலைக்கனத்தை இறக்கும் கணக்கு. 64 பேர் மோதும் நாக்அவுட்டில் கோப்பைக்கு ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஒருவருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 70 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.7ஐ ஆறு முறை பெருக்கினால் 0.12கூட வராது. எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு! இதே உலக மேட்ச்பிளேயில் 2002இல் தரவரிசையின் முதல் மூன்று இடங்களில் இருந்த டைகர் உட்ஸ், பில் மிக்கல்சன், டேவிட் டூவல் மூவரும் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 62ஆம் இடத்திலிருந்த கெவின் சதர்லாண்ட் பட்டம் வென்றார். பதினெட்டு குழி என்பது திறமை முழுக்க வெளிப்படப் போதாத தூரம். அதனால் கோப்பை யாருக்கு என்று ஒற்றைப் பெயர் எழுதும் விளையாட்டை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஆட்டம் ஆட்டமாகத்தான் எழுதுகிறோம்.

எழுதும் முறை இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து மதிப்பெண்ணை இருவருக்கும் பங்கிட வேண்டும்: ஏழு-மூன்று, ஆறு-நான்கு என்று. முடிவு வந்ததும் ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்குப் பூஜ்யம், சமனானால் ஐந்து-ஐந்து. நீங்கள் எழுதியதற்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். அதுவே உங்கள் அபராதம். ஏழு கொடுத்தவர் ஜெயித்தால் வித்தியாசம் மூன்று, அபராதம் 9. தோற்றால் வித்தியாசம் ஏழு, அபராதம் 49. சமனானால் வெறும் 4. கடைசியில் அபராதம் குறைந்தவருக்கு அடுப்படி.

ஏன் வர்க்கம் என்று கேட்பார்கள். "டீச்சர், நம்ம ஆளுக்குப் பத்துக்குப் பத்து எழுதுங்கள்" என்று மார்தட்டுபவர்களை அடக்கத்தான். உண்மையான வாய்ப்பு 70 சதவீதம் என்றால், ஏழு எழுதுபவருக்குச் சராசரி அபராதம் 21. எதுவும் தெரியாது என்று ஐந்து-ஐந்து எழுதுபவருக்கு 25. பத்து எழுதும் வீரருக்கு 30. அதாவது, சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தும், ஒன்றுமே தெரியாதவரைவிடப் பின்தங்குகிறார். மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுபவருக்குத்தான் இதில் பலன்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் பந்தய விகிதங்களை (ஒன்று கட்டி ஜெயித்தால் எவ்வளவு திரும்பும் என்ற எண்) படிக்கலாம், அறிவுக்காக மட்டும். உதாரணமாக ஓர் ஆட்டத்துக்கு 1.90, 2.20, சமனுக்கு 8.00 என்று போட்டிருந்தால், ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுங்கள்: 52.6, 45.5, 12.5 சதவீதம். கூட்டினால் 110.6. நூறுக்கு மேல் உள்ள அந்த 10.6தான் பந்தயம் நடத்துபவரின் கமிஷன். எல்லாவற்றையும் 110.6ஆல் வகுத்து நூறால் பெருக்கி, சமனைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால், பிடித்தமானவர் என்று தலைப்பில் போட்டவருக்கு 53 சதவீதம்தான் மிஞ்சும். நம் சீட்டில் அவருக்கு ஐந்து, மீறிப்போனால் ஆறு.

உலக மேட்ச்பிளே 2023இல் சாம் பர்ன்ஸ் வென்றதோடு முடிந்துபோனது. இப்போது நமக்கு வாய்த்தவை அணிப் போட்டிகளே: அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை, அமெரிக்காவும் ஐரோப்பா தவிர்த்த உலக அணியும் மோதும் பிரெசிடென்ட்ஸ் கோப்பை. இவற்றில் ஆட்ட வகையைப் பார்த்து எழுதவேண்டும். ஃபோர்பால் என்றால் நால்வரும் அவரவர் பந்தை அடிப்பார்கள், ஜோடியில் சிறந்த அடிக்கணக்கு மட்டும் சேரும். புதருக்குள் விடும் அந்த ஆறு பேர்டிக்காரர் இங்கே தங்கம். ஃபோர்சம்ஸ் என்றால் ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும்; அதே ஆள் விட்ட பந்தைப் புதருக்குள் குனிந்து எடுப்பவர் அவருடைய கூட்டாளி. மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஒரே ஒரு பந்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். 2015இல் தென்கொரியாவில் நடந்த பிரெசிடென்ட்ஸ் கோப்பையில் நம் அனிர்பன் லாஹிரி கடைசிக் குழியில் மிகப் பக்கத்திலிருந்து உருட்டவேண்டிய பந்து ஒன்றைத் தவறவிட்டு கிறிஸ் கர்க்கிடம் தோற்றார். அவர் அணி ஒரே புள்ளியில் கோப்பையை இழந்தது. கேடிகள் இன்றும் அதைச் சொல்லி உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் அந்தப் பந்துக்கு முன்னால் அவர் அடித்த அடி, அருமையான அடி. சீட்டு எழுதுபவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கடைசி நாள் தனியாட்டங்களில் கவனம் வையுங்கள். 2025 ரைடர் கோப்பையில் 11½–4½ என்று முன்னால் நின்ற ஐரோப்பா, அன்று 8½–3½ என்று அடிவாங்கி 15–13இல்தான் கரையேறியது. முதல் இரண்டு நாள் முடிவுகளை அப்படியே மூன்றாம் நாளுக்கு நீட்டி எழுதியவர்களின் அபராதத்தைக் கூட்டக் கரும்பலகையில் இடம் போதவில்லை.

2026 செப்டம்பர் பிரெசிடென்ட்ஸ் கோப்பை சிகாகோ பக்கம் மெடினாவில். அவர்கள் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய காலை நமக்கு மாலை. சீட்டுகளை மாலை ஐந்துக்குள் வாங்கி, பால் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். காயத்தால் ஆட்டம் நடக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவையுங்கள். 2025 ரைடர் கோப்பையில் ஐரோப்பாவின் விக்டர் ஹோவ்லாண்டுக்குக் கழுத்து வலி வந்து, ஹாரிஸ் இங்கிலீஷுடன் ஆடாமலே ஆளுக்கு அரைப் புள்ளி பிரித்துக் கொடுத்தார்கள். ஐந்து-ஐந்து என்று எழுதியிருந்த ஒருவர் பூஜ்ய அபராதம் கேட்டு மதியம் வரை வாதாடினார். இப்போது எங்கள் விதி: அடிக்காத ஆட்டம் யாருக்கும் கணக்கில் இல்லை.